கூடையில் வந்த வாத்துக் குஞ்சுகள்

கோடை விடுமுறை தொடங்கியதும் தாம்பரம் மார்க்கெட் பக்கத்திலும், சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் தெருக்களிலும் மிதிவண்டியின் பின்னால் கம்பிக் கூடை கட்டிய குஞ்சு வியாபாரிகளைக் காணலாம். கூடைக்குள் இளஞ்சிவப்பு, பச்சை, ஊதா எனச் சாயம் தோய்த்த கோழிக் குஞ்சுகள். சில நாட்களில் அவற்றினிடையே மஞ்சளும் கருமையும் கலந்த வாத்துக் குஞ்சுகளும் இருக்கும். பிள்ளை கையை நீட்டுகிறது, தாய் தயங்குகிறாள், தந்தை விலை கேட்கிறார். பத்து நிமிடத்தில் இரண்டு குஞ்சுகள் அட்டைப் பெட்டியில் வீடு வந்து சேர்ந்துவிடுகின்றன. இவை பெரியவையான பின் எங்கே வைப்பது, யார் பார்ப்பது, முடிவில் என்ன செய்வது என்ற கேள்வியை அந்தப் பத்து நிமிடத்தில் எவரும் கேட்பதில்லை.

வாத்து முட்டை பொரிய 28 நாட்கள். குஞ்சின் மென்தூவி உதிர்ந்து முழுச் சிறகு மூடுவதற்கு ஏழெட்டு வாரங்கள். பெட்டை முதல் முட்டை இடுவதற்கு ஐந்து அல்லது ஆறு மாதங்கள். நோயும் நாயும் கொண்டுபோகாவிடில் எட்டு, பத்து ஆண்டுகள் உயிர் வாழக்கூடிய பறவை அது. ஆகவே கூடைக்காரரிடம் நாம் வாங்குவது ஒரு விடுமுறை விளையாட்டுப் பொருளை அன்று. பிள்ளை ஐந்தாம் வகுப்பிலிருந்து கல்லூரிக்குப் போகும்வரை வீட்டில் இருக்கக்கூடிய ஓர் உயிரை. இதைச் சொல்வது வாங்க வேண்டாம் எனத் தடுப்பதற்காக அன்று. கொல்லையில் நாலு வாத்து நடமாடுவது ஒரு குடும்பத்துக்கு நல்லது என்பதே என் எண்ணம். ஆனால் வாங்குகிறவர்கள் அதை முழுப் பறவையாக வளர்த்தெடுக்கும் எண்ணத்தோடு வாங்க வேண்டும். அதற்கு வேண்டிய சில செய்திகளை இங்கே தருகிறேன்.

எந்த வாத்து?

கூடையில் வருபவை பெரும்பாலும் நாட்டு வாத்துகள். அறுவடை முடிந்த வயல்களில், செங்கற்பட்டு, மதுராந்தகம் பக்கங்களில், நூற்றுக்கணக்கில் மேய்ந்து செல்லும் மந்தைகளை இரயிலில் போகும்போது பார்த்திருப்பீர்கள். சிந்திய நெல்லையும் நத்தையையும் தின்றபடி ஊர் விட்டு ஊர் போகும் அம்மந்தைகளோடு, மேய்க்கும் குடும்பங்களும் வயலோரத்தில் கூடாரம் அடித்துத் தங்கும். வடமாவட்டங்களில் ஆரணி வாத்து என்ற பெயர் வழக்கிலுண்டு. மேய்ப்பவர்கள் அதனையே சன்னியாசி, கீரி என்று இரு வகையாகப் பிரித்தும் அழைப்பர். ஒன்றரைக் கிலோவை ஒட்டிய எடை. கிடைத்ததைத் தின்று பிழைக்கும் உறுதியான உடல்.

காக்கி கேம்பல் என்பது முட்டைக்குப் பெயர் போன இனம். இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷைர் மாவட்டத்தில் திருமதி அடீல் கேம்பல் என்பவர் பல வாத்துகளைக் கலந்து உருவாக்கியது, 1898இல் உலகறிந்தது. நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு முன்னூறு முட்டையை நெருங்கும். வெள்ளைப் பெக்கின் இறைச்சிக்கானது. இவை தவிர, முகத்தில் சிவந்த தசை முடிச்சுகளோடு, குரலெழுப்பாமல் நடமாடும் மணிலா வாத்தும் உண்டு. இது மற்ற வாத்துகளின் குலத்தைச் சேர்ந்ததே அன்று. தென் அமெரிக்காவில் தோன்றிய தனி இனம். அடைகாக்க 35 நாட்கள் எடுக்கும். நம் பக்கத்தில் மணிலாக் கொட்டை என்று நாம் வழங்கும் வேர்க்கடலையும் தென் அமெரிக்காவில் பிறந்ததுதான். இரண்டுக்கும் பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது வேடிக்கை. அண்டை வீட்டார் சத்தம் பொறுக்காதவர் எனில் மணிலாவே உகந்தது. அதன் ஆண் சீறுவதோடு சரி.

கூடைக்காரரை விட்டால் வேறு வழி இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால், பொத்தேரிக்கு அருகில் காட்டுப்பாக்கம் இருக்கிறது. பூந்தமல்லி அருகேயுள்ள காட்டுப்பாக்கம் அன்று. பெயர்க் குழப்பத்தில் பலர் அங்கே போய்த் திரும்புகிறார்கள். 1989இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் அங்குள்ளன. கோழி, ஆடு, மாடு வளர்ப்போருக்கு வழிகாட்டுவதே அவர்களுடைய பணி. நல்ல குஞ்சு எங்கே கிடைக்கும், எப்போது தடுப்பூசி போட வேண்டும் என்பதை அங்கே கேட்டறிவது, கூடைக்காரரின் வாக்கை நம்புவதைக் காட்டிலும் மேலானது.

தாயில்லாப் பிள்ளைகள்

முட்டைக்கென வளர்க்கப்பட்ட வாத்து இனங்கள் தலைமுறை தலைமுறையாக அடைகாக்கும் குணத்தை இழந்துவிட்டன. காக்கி கேம்பல் முட்டையை இட்டுவிட்டு எழுந்து போய்விடும், திரும்பிப் பாராது. ஆகையால் நம் கிராமங்களில் அடைக்கோழியின் கீழ் வாத்து முட்டையை வைக்கும் வழக்கம் நெடுநாளாக உள்ளது. கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள் என்ற கணக்கு அந்தக் கோழிக்குத் தெரியாது. ஒரு வாரம் கூடுதலாகவே பொறுத்துக் கிடக்கும். பொரிந்த குஞ்சுகள் முதன்முறை தண்ணீரைக் கண்டதும் இறங்கிவிடும். கோழியோ கரையில் நின்று கதறி, சிறகடித்து, மேலும் கீழும் ஓடும். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு எப்போதும் அந்தக் கோழியின் பக்கமே மனம் போகும்.

கூடையில் வரும் குஞ்சுகளுக்கு அந்த வளர்ப்புத் தாயும் இல்லை. பொறிப்பானிலோ உமிக் கூடையிலோ பிறந்து நேரே கம்பிக் கூடைக்கு வந்தவை. பிறந்த ஓரிரு நாட்களுக்குள் கண் முன் அசையும் உருவத்தைத் தாயென்று மனத்தில் பதித்துக்கொள்வது வாத்துக் குலத்தின் இயல்பு. ஆஸ்திரியா நாட்டு அறிஞர் கொன்ராட் லாரன்ஸ் இதை விரிவாக ஆராய்ந்தார். 1973இல் வேறு இரு அறிஞர்களோடு நோபெல் பரிசும் பெற்றார். காட்டு வாத்துக் குஞ்சுகள் தம்மைப் பின்தொடர வேண்டுமானால், தாம் குனிந்து தவழ்வதோடு இடைவிடாமல் 'குவாக், குவாக்' என்று கத்தவும் வேண்டும் என அவர் கண்டுபிடித்தார். ஒரு பெந்தகோஸ்து ஞாயிறன்று தம் தோட்டத்துப் புல்வெளியில் மணிக்கணக்கில் தவழ்ந்து கத்திக்கொண்டிருந்தவர் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தால், வேலிக்கு வெளியே உல்லாசப் பயணிகள் ஒரு கூட்டம் வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்ததாம். குஞ்சுகள் உயரமான புல்லுக்குள் மறைந்திருந்தன. தாடி வைத்த பெரிய மனிதர் ஒருவர் தனியாக வாத்துக் குரல் எழுப்புவதே அவர்கள் கண்ணில் பட்டது.

வீட்டுத் தலைவி அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் மறக்கலாகாது. வாத்துக் குஞ்சுக்குத் தனிமை தாங்காது. ஒற்றைக் குஞ்சு இரவெல்லாம் கத்தும். உணவும் சரியாக எடுக்காது. வாங்குவதானால் நான்கு அல்லது ஆறு வாங்குங்கள். ஒன்று வாங்குவதாயிருந்தால் வாங்கவே வேண்டாம்.

முதல் மூன்று வாரம்

முதல் வாரத்தில் குஞ்சு இருக்கும் இடத்தில் ஏறக்குறைய 32 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பின்னர் வாரத்துக்கு மூன்று பாகையாகக் குறைத்து வரலாம். வெப்பமானி இல்லாவிடில் குஞ்சுகளே சொல்லிவிடும்: விளக்கின் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடந்தால் குளிர், விளக்கை விட்டு விலகி அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் அதிகம். இங்கே ஓர் எச்சரிக்கை. இக்காலத்து எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்பு ஒன்று, 40 அல்லது 60 வாட், தேடி வாங்க வேண்டும். மே மாதத்தில் நம் புறநகர்ப் பகுதியில் பகலில் விளக்கே தேவைப்படாது. இரவின் பின்பகுதிக்கு மட்டும் போதும். அக்காலத்தில் தகரக் கூரையின் கீழ் வைத்துவிட்டு வேலைக்குப் போவது பேராபத்து.

பெட்டியின் அடியில் செய்தித்தாள் விரிப்பது பலருடைய வழக்கம். வழவழப்பில் கால்கள் இருபுறமும் சறுக்கி விரிந்து, குஞ்சு நிரந்தரமாக முடமாகிவிடக்கூடும். உமியைப் பரப்பி, முதல் சில நாட்களுக்கு அதன்மேல் பழைய கோணிச் சாக்கை விரிப்பதே சரி. சாக்கு இல்லாவிட்டால் குஞ்சுகள் உமியையே தீவனம் என்று தின்னத் தொடங்கும்.

தண்ணீரே இங்கு முக்கியமான பொருள். வாத்து என்றால் தண்ணீர் என்று நாம் கருதுகிறோம். அதனால் வீட்டுக்கு வந்த அன்றைக்கே பிள்ளைகள் குஞ்சைப் பிளாஸ்டிக் தொட்டியில் விட்டு நீந்த வைத்துக் கைதட்டுகிறார்கள். மறுநாள் காலையில் இரண்டில் ஒன்று விறைத்துக் கிடக்கிறது. சிறகில் நீர் ஒட்டாமல் காப்பது வாலின் அடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பி. குஞ்சின் உடலில் அது இன்னும் சரிவர வேலை செய்யவில்லை. தாயோடு நீந்தும் குஞ்சு, நனைந்தால் தாயின் சிறகுக்குள் புகுந்து உலர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் தொட்டிக்கு அந்தச் சிறகு கிடையாது. தூவி நனைந்து குளிரேறி இறப்பதே கூடைக் குஞ்சுகளின் சாவுகளில் பெரும்பங்கு என்று சொல்லலாம். முதல் மூன்று வாரம் நீச்சலே வேண்டாம். அதன்பின் வெயிலில், கண்காணிப்போடு, சில நிமிடங்கள் விடலாம். மார்பிலும் தோளிலும் முளைச்சிறகு மூடிய பின் தாராளமாக விடலாம்.

ஆனால் குடிநீர் ஒரு கணமும் இல்லாமல் இருக்கக் கூடாது. வாத்து உலர் தீவனத்தை விழுங்க மாட்டாது. ஒரு வாய் தின்று, ஓடிப்போய் ஒரு வாய் குடிக்கும். தண்ணீர் இல்லாத இடத்தில் தீவனம் வைத்தால் தொண்டையில் அடைத்து இறந்தும் போகும். அந்தத் தண்ணீரும் அலகின் மேலுள்ள நாசித்துளை முழுகும் அளவு ஆழமாக இருக்க வேண்டும். இல்லையேல் மூக்கும் கண்ணும் தீவனத் தூளால் அடைபடும். ஆழமாகவும் வேண்டும், உள்ளே விழுந்து நனையவும் கூடாது என்றால் எப்படி? காப்பி டபராவில் நீர் ஊற்றி, நடுவில் கழுவிய கூழாங்கற்களை நிரப்பி விடுங்கள். அலகு போகும், உடல் போகாது.

இவ்வளவு தண்ணீர் புழங்கும் இடம் நாளொன்றுக்குள் சேறாகும். ஈரமான உமியிலும் வைக்கோலிலும் பூஞ்சை பிடித்தால், அதன் தூள் குஞ்சின் நுரையீரலில் குடியேறி மூச்சுத் திணறலை உண்டாக்கும். ஆகவே தினமும் ஈர உமியை அள்ளிவிட்டுப் புதிது போட வேண்டும். பிள்ளைகளின் உற்சாகம் வழக்கமாக இந்த இடத்தில்தான் குறையத் தொடங்குகிறது. சாணம் அள்ளாமல் மாடு வளர்த்தவர் உண்டா என்று பாட்டிமார் கேட்கட்டும்.

பிண்ணாக்கில் ஒளிந்த நஞ்சு

தீவனத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் நல்ல எண்ணத்தோடு தரப்படும் உணவே வாத்துக் குஞ்சைக் கொன்றுவிடக்கூடும்.

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. வாத்துக் குஞ்சுகளும் ஆயிரக்கணக்கில் இறந்தன. என்ன நோய் என்று தெரியாததால் 'எக்ஸ் நோய்' என்று பெயரிட்டார்கள். கிருமி ஏதும் அகப்படவில்லை. இறுதியில், பிரேசில் நாட்டிலிருந்து வந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்திருந்த ஒரு பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று வெளிப்பட்டது. அந்த நஞ்சுதான் அஃப்ளடாக்சின். இன்று மனிதருக்கும் கல்லீரல் புற்று நோய் உண்டாக்கும் பொருளென்று உலகெங்கும் அறியப்பட்டுள்ள அதே நஞ்சு. வாத்துக் குஞ்சின் கல்லீரல் இதற்கு எவ்வளவு இளகியது என்றால், தொடக்க காலத்தில் ஒரு பிண்ணாக்கில் நஞ்சு உள்ளதா என்று அறிய ஆய்வுக்கூடங்களில் ஒரு நாள் வயதுடைய வாத்துக் குஞ்சுகளுக்கே அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். நுட்பமான கருவிகள் வருமுன் அந்தச் சிறு உயிரே கருவியாக இருந்தது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன்? நம் வீடுகளில் கடலைப் பிண்ணாக்கு என்றால் சத்துணவு. மாட்டுக்கு ஊறவைத்தது மிச்சமிருந்தால் கோழிக்கும் வாத்துக்கும் போடுவோம். ஐப்பசி கார்த்திகை மழையில் மூட்டையின் அடியில் லேசாகப் பச்சை படர்ந்திருந்தால், வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துவோம். காயவைத்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மாடு தாங்கும், வாத்துக் குஞ்சு தாங்காது. குஞ்சுகளுக்குக் கடலைப் பிண்ணாக்கை அடியோடு விலக்கிவிடுவதே அறிவுடைமை. பூஞ்சை பிடித்த ரொட்டி, பழைய மக்காச்சோளம் ஆகியவற்றுக்கும் இதே விதி.

முதல் நாட்களில் வேகவைத்த நொய், பிசைந்த கேழ்வரகு, பொடித்த அவித்த முட்டை. பிறகு கடையில் விற்கும் கோழிக் குஞ்சுத் தீவனத்தைத் தண்ணீர் விட்டு உதிரியாகப் பிசைந்து, நாளுக்கு நான்கைந்து முறை புதிதாக வைக்கலாம். மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். ஆனால் கோழித் தீவனம் மட்டும் போதாது. நியாசின் என்னும் 'பி' வகை உயிர்ச்சத்து கோழிக் குஞ்சைவிட வாத்துக் குஞ்சுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தேவை. அது குறைந்தால் கணுக்கால் வீங்கி, கால் வளைந்து, குஞ்சு நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடும். ப்ரூவர்ஸ் ஈஸ்ட் சிறிது தீவனத்தில் கலந்தால் தீரும் குறை இது. பெக்கின் குஞ்சு ஏழு வாரத்தில் பிறந்த எடையைப் போல் ஐம்பது மடங்காகிறது. அவ்வளவு உடலைத் தாங்க வேண்டிய கால்கள் அல்லவா?

ஒரு மாதமானதும் கீரைத் தண்டு, முருங்கை இலை, நறுக்கிய வாழைத்தண்டு, அசோலா எல்லாம் தின்னும். மண்புழு, நத்தை, கரப்பான் எதையும் விடாது. பிள்ளைகள் பிஸ்கட் போடுவதை மட்டும் தடுத்துவிடுங்கள்.

நம் பக்கத்து மண்ணும் நீரும்

ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. முன்பு அதில் பாதிக்கு வீடு, மீதிக்குக் கிணறும் தென்னையும் வாழையும் இருந்தன. இன்று இராஜகீழ்ப்பாக்கத்திலும் பெருங்களத்தூரிலும் அதே மனையில் ஆறு குடித்தனங்கள் அடுக்கடுக்காக உயர்ந்துவிட்டன. பெரிய வாத்து ஒன்றுக்குக் கூரையின் கீழ் மூன்று, நான்கு சதுர அடியும், வெளியே நடமாடப் பத்துப் பதினைந்து சதுர அடியும் வேண்டும். மொட்டை மாடியில் வளர்ப்பவர்களை அறிவேன். சுடும் தளத்தில் அந்தச் சவ்வுப் பாதங்கள் படும் பாட்டை எண்ணினால் அதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

குளம் இல்லாத வீட்டில் வாத்து வளருமா என்று கேட்கிறார்கள். வளரும். தலை முழுகும் அளவு ஒரு தொட்டி போதும். ஆனால் அந்த நீர் காலையில் ஊற்றினால் மாலைக்குள் குழம்பாகிவிடும். தினம் மாற்ற வேண்டும். சித்திரையில் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும் தெருக்களில் இது எளிதன்று. கழித்த நீரை வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சினால் அதைவிட நல்ல உரம் இல்லை; வாழை இல்லாதவர்கள் வாத்து வாங்குமுன் வாழை வைக்கட்டும். மாற்றாமல் விட்டால் டெங்குக் கொசு பெருகும். வாத்து கொசுப்புழுவைத் தின்னும் என்று சொல்லி மாநகராட்சிச் சுகாதாரப் பணியாளரிடம் வாதாட வேண்டாம். தொட்டியைக் கவிழ்த்து விடுவது எளிது.

"சிட்லபாக்கத்திலும் செம்பாக்கத்திலும் ஏரி இருக்கிறதே, காலையில் ஓட்டிவிட்டு மாலையில் ஓட்டிவந்தால் என்ன?" இந்த யோசனை பலருக்கும் வருகிறது. பெரிதான வாத்தை வைத்துக்கொள்ள முடியாதவர்கள் இரவோடிரவாக ஏரியில் விட்டுவிட்டு, சுதந்திரம் கொடுத்ததாக மனத்தைத் தேற்றிக்கொள்வதும் உண்டு. அது சுதந்திரம் அன்று. கரையில் தெருநாய்கள் காத்திருக்கும். வீட்டு வாத்துக்குப் பறந்து தப்பத் தெரியாது. கோடையில் நீர் வற்றிச் சேறு அழுகும்போது அங்கே உண்டாகும் ஒருவகை நஞ்சு, கழுத்தைத் தூக்க முடியாதபடி தளரச்செய்து வாத்தைக் கொல்லும். மேலும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் வேடந்தாங்கலும் 2022இல் உலக முக்கியத்துவம் பெற்ற ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை. புள்ளிமூக்கு வாத்தும் வலசை வரும் பறவைகளும் நம் ஏரிகள் எல்லாவற்றிலும்தான் இறங்குகின்றன. அவற்றிடமிருந்து வீட்டு வாத்துக்கும், வீட்டு வாத்திடமிருந்து அவற்றுக்கும் நோய் தாவும். கேரளத்தில் குட்டநாட்டுப் பகுதியில் 2014இலும் 2021இலும் பறவைக் காய்ச்சல் வந்து, வாத்துகள் கூட்டங்கூட்டமாக அழிக்கப்பட்டதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். வாத்து சில வேளைகளில் நோய்க்குறி ஏதுமின்றியே அந்தக் கிருமியைச் சுமந்து திரியும். காரணமின்றி இரண்டு மூன்று வாத்து ஒரே நேரத்தில் இறந்தால் வெறுங்கையால் தொடாமல், கறி சமைக்காமல், அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

வாத்துக்கே உரிய கொள்ளை நோய் ஒன்றும் உண்டு. 1923இல் ஹாலந்தில் முதலில் கண்டறியப்பட்டது. 1963இல் மேற்கு வங்காளத்தில் தென்பட்டது. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. சுமார் எட்டு வாரத்தில் போட வேண்டும். நாலே நாலு வாத்துக்கா ஊசி என்று எண்ணாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு சொல். 2015 டிசம்பர் முதல் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் நீர் புகுந்ததை இப்பகுதியினர் மறக்க மாட்டார்கள். வாத்து நீந்தும் பறவை, அதற்கென்ன வெள்ளம் என்பது பொய். பூட்டிய கூட்டுக்குள் நீர் ஏறினால் அதுவும் மூழ்கும். கூட்டைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள். ஏறுவதற்குச் சறுக்குப் பலகை வையுங்கள். படியேற வாத்துக்கு வராது.

இரவில் கூட்டைப் பூட்டாமல் விடவே கூடாது. கீரி, காட்டுப்பூனை, பெருச்சாளி மூன்றும் நம் தெருக்களில் இன்றும் உண்டு. பெருச்சாளி கம்பி வலையின் கண் வழியாகவே குஞ்சின் காலைக் கடித்து இழுக்கும். வாத்தும் தன்னால் இயன்ற காவலைச் செய்கிறது. வரிசையாக உறங்கும் வாத்துகளில் ஓரத்தில் இருப்பது வெளிப்புறத்துக் கண்ணை மூடாமலே உறங்குகிறது. மூளையின் ஒரு பாதி விழித்திருக்க மறுபாதி தூங்குகிறது. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1999இல் இதை வெளியிட்டார்கள். ஓரத்து வாத்து எழுப்பும் ஒலி கேட்டு எழுந்து வருவதற்கு வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும், அவ்வளவே.

ஆண் வாத்துகளின் கணக்கு

ஏழெட்டு வாரத்தில் கீச்சுக் குரல் உடைகிறது. அப்போதுதான் எது பெட்டை, எது ஆண் என்பது தெரியவரும். நாம் படத்தில் பார்க்கும் 'குவாக்' பெட்டைக்கே உரியது. ஆணின் மூச்சுக்குழல் அடியில் ஓர் எலும்புக் குமிழ் வளர்வதால் அதன் குரல் கம்மி, தொண்டை கட்டினவர் பேசுவதுபோல் இருக்கும். இன்னும் சில வாரங்களில் ஆணின் வால்மீது இரண்டு மூன்று இறகுகள் மேல்நோக்கிச் சுருளும்.

இங்கேதான் கூடை வாங்கிய நாளில் கேட்காத கேள்வி வந்து நிற்கிறது. ஆறு குஞ்சு வாங்கினால் ஏறத்தாழ மூன்று ஆண். ஆனால் ஐந்தாறு பெட்டைக்கு ஓர் ஆண் போதும். முட்டை இடுவதற்கு ஆணே தேவையில்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. குஞ்சு பொரிக்கவே ஆண் வேண்டும். மூன்று ஆணும் மூன்று பெட்டையும் ஒரே இடத்தில் வளர்ந்தால், ஆண்கள் ஓயாது துரத்திப் பெட்டைகளின் கழுத்து மயிரைப் பிடுங்கிப் புண்ணாக்கும். நீர்த்தொட்டியில் அமுக்கிக் கொன்றும் விடும். ஆகவே அந்த இரண்டு ஆண்களைப் பிரித்து வைக்க வேண்டும், அல்லது வளர்ப்பவரிடம் கொடுக்க வேண்டும், அல்லது கறியாக்க வேண்டும். நான்காவது வழி இல்லை. சாயம் தோய்த்து விற்கப்படும் கோழிக் குஞ்சுகளும் முட்டைப் பண்ணைகள் பயனில்லை என்று கழித்த சேவல் குஞ்சுகளே. இதே கணக்கு அங்கே முதல் நாளில் தீர்க்கப்படுகிறது. வீட்டில் மூன்று மாதம் கழித்துத் தீர்க்கப்படுகிறது.

ஒரு தாய் என்னிடம் வந்து சொன்னாள்: "சாமி, மூணு நாளா பையன் எங்ககிட்ட முகங்கொடுத்துப் பேசல. வாத்து எங்கேன்னு கேட்டான். ஏரிக்கு ஓடிப்போச்சுன்னு அவங்க அப்பா சொல்லிட்டாரு. பக்கத்து வீட்டுப் பையன் உண்மையைச் சொல்லிட்டான்."

பையனுடைய கோபம் வாத்தைக் கறியாக்கியதற்கா, ஏரிக்கு ஓடியது என்று சொன்னதற்கா என்று கேட்டேன். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டுக்கும்தான் சாமி. ஆனா அப்பா பொய் சொன்னாருங்கறதுதான் அவனுக்குப் பெருசா இருக்கு" என்றாள்.

கிராமத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ஆடும் கோழியும் எதற்கென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பார்த்தே வளர்கிறது. புறநகரில் வளரும் பிள்ளைக்கு வாத்து ஒரு தோழன். அதற்குப் பெயரும் வைத்துவிடுகிறது. பெயர் வைத்த உயிரைக் கொல்லக் கூடாது என்று நான் சட்டம் போட மாட்டேன். கறி உண்ணும் குடும்பத்தில் அது நேர்மையான உணவே. கடையில் வாங்கும் கறியைவிட அந்த வாத்து நல்ல வாழ்வு வாழ்ந்தது. ஆனால் குஞ்சு வாங்கும் அன்றே, கூடைக்கு முன்னால் நின்றபடியே, பிள்ளையிடம் பெற்றோர் சொல்லிவிட வேண்டும்: "இதில் பாதி ஆணாக இருக்கும். ஆணை வைத்துக்கொள்ள நம்மிடம் இடமில்லை. அப்போது இன்னது செய்வோம்." ஏழு வயதுப் பிள்ளைக்கு இது விளங்கும். விளங்கிய பின்னும் வேண்டும் என்று அது கேட்டால் வாங்குங்கள். வேண்டாம் என்றால் அதுவும் நல்ல விடையே.

பெட்டைகள்

ஐந்தாம் மாதத்தில் பெட்டையின் பின்புறம் கனத்துத் தாழும், நடை மாறும். கூட்டின் மூலையில் வைக்கோலைக் குழிக்கும். முதல் முட்டை சிறிதாக இருக்கும். சில வாரங்களில் எழுபது கிராம் அளவுக்கு வந்துவிடும். கோழி முட்டையைவிடக் கால் பங்குக்கு மேல் பெரிது. மூலத்துக்கு மருந்து என்று வாங்கிப் போகிறவர்கள் உண்டு. மருந்தோ இல்லையோ, நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. ஆனால் அரைவேக்காடு கூடாது. வாத்து சேற்றில் புழங்குவதால் ஓட்டின் நுண்துளை வழியே கிருமி உட்புக இடமுண்டு. வெள்ளைக்கருவும் மஞ்சள்கருவும் கெட்டியாகும்வரை வேக வேண்டும். வாத்தைத் தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் சாப்பாட்டுக்கு உட்காரலாகாது.

முட்டையே காணோம், பூனை கொண்டுபோகிறது என்று புகார் செய்கிறவர்கள் பெரும்பாலும் விடிந்ததும் கூட்டைத் திறந்துவிடுகிறவர்கள். வாத்து பின்னிரவிலும் காலையிலும் முட்டை இடும். அநேகமாக எல்லாம் ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும். கோழியைப்போல் ஓரிடம் என்ற நியமம் அதற்கு இல்லை. ஆறு மணிக்குத் திறந்தால் வாழையடியிலும் சாக்கடை ஓரத்திலும் தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் இட்டுவிட்டு மறந்துவிடும். ஒன்பது மணிவரை கதவைத் திறக்காதீர்கள். உள்ளே தண்ணீர் மட்டும் இருக்கட்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படுமுன் ஒருமுறை கூட்டுக்குள் கைவிட்டுப் பார்க்கலாம். வைக்கோல் இன்னும் சூடாகவே இருக்கும்.